பச்சை உடம்புக்கு யார் சமைப்பது?

பிள்ளைத்தாய்ச்சி என்ன சாப்பிடலாம், பிள்ளை பெற்றவள் எதை ஒதுக்கணும் என்று கேட்டால் தமிழ்நாட்டிலும் சரி, அதற்கு வெளியே உள்ள தமிழர் தெருக்களிலும் சரி, பதில் சொல்ல ஆளுக்குக் குறைவே இல்லை. அங்கன்வாடிச் சுவரில் ஒரு படம், வாரப் பத்திரிகையில் ஓர் இணைப்பு, யூடியூபில் ஒரு டாக்டர், எதிர் வீட்டுத் திண்ணையில் ஒரு ஆயா. அவர் சொல்வதை இவர் மறுப்பார். ஆனால் அந்தச் சாப்பாட்டைச் சமைக்கப் போவது யார் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அடுப்பங்கரையில் எப்போதும் யாரோ நிற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே இந்த அறிவுரையெல்லாம் எழுதப்படுகிறது. கர்நாடகத்தில், கோலார் தங்கவயலின் கோரமண்டல் பக்கம் அந்த நினைப்பு நிற்காது.

ஊர்ப் பெயரிலேயே சுரங்கம் இருக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலுக்குள் வந்தது. அதைத் தொடர்ந்து மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க், பாலகாட் என்று சுரங்கங்கள் கிளைத்தபோது கோரமண்டல் என்ற பெயரிலும் ஒரு கம்பெனி இருந்தது. கம்பெனி போய்விட்டது, பெயர் மட்டும் குடியிருப்புக்கும் ரயில் நிலையத்துக்கும் தங்கிவிட்டது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர். முதலில் மூங்கில் தட்டி வீடு, பிறகு வரிசை வரிசையாக லைன் வீடு. 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. 1972இல் அவை பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழ் வந்தன. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன.

அதன் பிறகு இங்கே பிழைப்பு என்றால் ரயில்தான். மாரிகுப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு விடியுமுன் புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. கட்டட வேலை, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கடை, கம்பெனி என்று ஆணும் பெண்ணும் போகிறார்கள். வீட்டில் கைக்குழந்தையோடு ஒருத்தி இருந்தால் அவளுக்குப் பகல் பன்னிரண்டு மணி நேரம் துணை யார் என்பதை அந்த ரயிலின் நேர அட்டவணைதான் முடிவு செய்கிறது.

சுரங்கம் ஓடிய காலம் சொர்க்கமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அந்த நாளைப் பற்றி இப்போது ஓர் ஏக்கம் பரவியிருக்கிறது. ‘தங்கலான்’ படத்துக்குப் பிறகு அது இன்னும் கூடியிருக்கிறது. ஒற்றை அறை வீட்டில் மூன்று ஷிப்ட்டுக்கும் சோறு கட்டிக் கொடுத்தவள் பெண்தான். 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது பெரிய சாதனை என்று பாடப் புத்தகம் சொல்லும். அது சுரங்கத்துக்கு வந்த மின்சாரம். தொழிலாளி வீட்டு அடுப்படிக்கு வந்து சேர அதற்குப் பல காலம் பிடித்தது. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தாலும் லைனுக்குப் பொதுவான குழாயடியில் குடத்தோடு நிற்க வேண்டியது அவள்தான், ஒன்பது மாத வயிற்றோடும்.

அப்போது இருந்த ஒரே வசதி, ஆட்கள் பக்கத்தில் இருந்ததுதான். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்ற வழக்கப்படி ஆம்பூர், குடியாத்தம், வாணியம்பாடிப் பக்கம் ரயிலேறிப் போனவர்கள் உண்டு. தலைமுறை இரண்டு கடந்ததும் கல்யாணமே லைனுக்குள் முடிய ஆரம்பித்தது. தாய் வீடு ஊரிகாமிலும் மாமியார் வீடு கோரமண்டலிலும் இருந்தால் பத்தியச் சோறு தூக்குச் சட்டியில் நடந்தே வந்துவிடும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, பெரியம்மா வருவாள். அவளுக்கும் முடியவில்லையா, சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா குழந்தையை வாங்கிக்கொள்வாள். ஒரே சம்பள நாள், ஒரே சங்கொலி, ஒரே குழாயடி. எல்லாரும் எல்லாருக்கும் கடன்பட்டிருந்தார்கள். யாரும் திட்டம் போட்டு ஏற்படுத்தாத பிரசவப் பாதுகாப்பு அது. சுரங்கம் மூடியபோது சம்பளத்தின் கணக்கைப் பார்த்தார்கள், தங்கத்தின் கணக்கைப் பார்த்தார்கள், இதன் கணக்கை யாரும் பார்க்கவில்லை.

சம்பளம் வாங்கும் பெண்ணுக்குச் சட்டம் எப்போதோ கண் திறந்தது. பம்பாய் மாகாணம் 1929லும் மைசூர் சமஸ்தானம் 1937லும் பேறுகாலச் சட்டம் இயற்றின. பிரிட்டிஷ் இந்தியச் சுரங்கங்களுக்கு 1941இல் தனிச் சட்டம் வந்தது. 1961இல் மத்தியச் சட்டம் வந்தது. 2017 திருத்தம் விடுப்பைப் பன்னிரண்டு வாரத்திலிருந்து இருபத்தாறு வாரமாக்கியது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் தங்கவயலின் தாய்மார்களில் மிகப் பெரும்பாலோர் சுரங்கச் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள், சம்பளம் வாங்கியவனின் மனைவிகள். அவர்கள் வேலைக்கு விடுப்பு என்று ஒன்று கிடையாது. இன்று பெங்களூருக்குப் போகும் பெண்ணுக்குப் பேறுகாலச் சட்டம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. பிரசவத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் எண்பது நாள் வேலை செய்திருந்தால் போதும். கான்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருக்கும் வேலையில் அந்த எண்பது நாளை எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பது? இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவள் தப்பித்தாள். மற்றவள் ஏழாம் மாதம் நின்றுவிடுகிறாள். சேர்ந்தால் புதிய ஆளாகத்தான் சேர வேண்டும்.

மருத்துவமனைப் பக்கம் வருவோம். மருத்துவச்சி கையில் இருந்த பிரசவத்தைத் தங்கவயலில் வார்டுக்கு இழுத்ததில் கம்பெனி மருத்துவமனைக்குப் பெரும் பங்கு உண்டு. தொழிலாளி குடும்பத்துக்கு அது சொந்த ஆஸ்பத்திரி மாதிரி. சுரங்கத்தோடு அதுவும் பூட்டப்பட்டது. 2021 கோவிட் இரண்டாம் அலையில், இருபது வருடம் தூசி படிந்து கிடந்த அந்தக் கட்டடத்தைத் தன்னார்வலர்கள் சுத்தம் செய்து சிகிச்சை மையமாக்கியபோதுதான் வெளியூருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. இப்போது பிரசவத்துக்கு ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனை. கொஞ்சம் சிக்கல் என்றால் கோலார் நகரத்தின் எஸ்.என்.ஆர். மாவட்ட மருத்துவமனை அல்லது தாமகாவின் ஜாலப்பா மருத்துவமனை. ரொம்பச் சிக்கல் என்றால் வேலூர் சி.எம்.சி.

பிள்ளை பெறுவதில் முன்னைவிட ஆபத்து குறைந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி கர்நாடகத்தில் நூற்றுக்கு 97 பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. 2018–20 கணக்கில் லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 69 தாய்மார் இறந்தார்கள். நாட்டின் சராசரி 97. ஆனால் அதே குடும்ப நல ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. கர்நாடகத்தில் நூற்றுக்கு 31.5 பிரசவம் சிசேரியன். நாற்பது நாள் பத்தியம் என்ற பழைய வழக்கம் சுகப்பிரசவம் ஆனவளை மனதில் வைத்து ஏற்பட்டது. வயிற்றில் தையலோடு வருகிறவள் குனிந்து கொடியடுப்பை ஊத முடியாது, குடம் தூக்க முடியாது, தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது. அவளுக்குத் துணையாள் வேண்டிய நாள் கூடியிருக்கிறது. வீட்டிலிருக்கும் ஆட்களோ குறைந்திருக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பேசுமுன் கழிப்பறையைப் பேசியாக வேண்டும். பத்திரிகைகளின் கர்ப்பகால இணைப்பிதழ்களில் இந்தச் சொல்லே வராது. துப்புரவுத் தொழிலாளர் இயக்கத்தின் பெஸ்வாடா வில்சன் 1966இல் பிறந்தது இந்தத் தங்கவயலில்தான். மலம் அள்ளும் தொழிலில் தள்ளப்பட்ட குடும்பம். உலர் கழிப்பிடங்களை இடிக்கச் சொல்லி அவர் தொடங்கிய போராட்டத்தின் முதல் களமும் இதுவே. 2016இல் மக்சேசே விருது பெற்றார். லைன் வீட்டுக்குத் தனிக் கழிப்பறை கிடையாது, பொதுக் கழிப்பிடம்தான். கர்ப்பிணிக்கு இரவில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கும். இருட்டில் அங்கே போகப் பயந்தவள் என்ன செய்வாள்? சாயந்திரத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவாள். மலம் கட்டும், சிறுநீர்ப்பாதையில் தொற்று வரும். அந்தத் தொற்று முற்றினால் குறைமாதப் பிரசவத்தில் முடியலாம். இப்போது பல வீடுகள் சொந்தச் செலவில் கழிப்பறை கட்டிக்கொண்டன. கட்டாத வீடுகளில் பழைய கதைதான். “ராத்திரி தண்ணி குடிக்காதே” என்று மாமியார் சொன்னால் அதை அறியாமை என்று டாக்டர் சிரிக்கிறார். அந்த வீட்டிலிருந்து கழிப்பிடம் எவ்வளவு தூரம் என்று அவர் கேட்டுப் பார்த்திருந்தால் சிரிக்க மாட்டார்.

இனி ரத்தம். நாட்டில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, கர்நாடகத்தில் 45.7 சதவீதம். இந்தியக் கர்ப்பிணியின் ரத்தசோகையைப் பற்றிய அறிவியலில் ஒரு முக்கியமான அத்தியாயம் தொழிலாளிப் பெண்களிடம்தான் எழுதப்பட்டது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் வரும் ஒருவகைக் கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தால் அது குணமாவதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த பொருளைப் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் கண்டார்கள். இன்று எல்லாக் கர்ப்பிணிக்கும் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு அது இருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. அந்த நோயைச் சாப்பாட்டோடும் வறுமையோடும் சேர்த்துப் பார்த்ததுதான் அவருடைய சிறப்பு.

அரசு சொல்வது 180 நாள் மாத்திரை, பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள். ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு. வாங்கி வைப்பவர்கள் பலர், முழுங்குபவர்கள் குறைவு. குமட்டும், மலம் கறுக்கும், வயிறு கட்டும். காலையில் டீயோடு முழுங்கினால் டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் அதே கதை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைத் தண்ணீரோடு போடு என்று ஒரு வரி சொன்னால் பாதி பிரச்சினை தீரும். மண், சாம்பல், சிலேட்டுக் குச்சி தின்னும் ஆசையை மசக்கை என்று சிரித்து விட்டுவிடுகிறோம். பல சமயம் அது இரும்புக் குறைவின் அடையாளம். சயனைடு மேடுகள் நிற்கும் ஊரில் கர்ப்பிணி மண் தின்பதைச் சிரித்து விட்டுவிட முடியாது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய அந்தப் பதின்மூன்று மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேல் கழிவு கிடக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அது வீட்டுக்குள்ளேயே வருகிறது.

இந்த ஊர்ச் சமையலில் ரத்தத்துக்கு வழி இல்லாமல் இல்லை. ஆட்டுச் சுவரொட்டியை வதக்கிக் கர்ப்பிணிக்குக் கொடுப்பது வட மாவட்டத் தமிழர் வழக்கம். மண்ணீரலில் இரும்பு ஏராளம், அதை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான், அதற்குக் கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஏழை வீட்டுக்குக் கட்டுப்படியான இரும்பு மாட்டுக்கறியில் இருந்தது. 2021 தொடக்கத்தில் கர்நாடகம் கொண்டுவந்த கடுமையான பசுவதைத் தடைச் சட்டத்துக்குப் பிறகு அது பயந்து வாங்கும் பொருளாகிவிட்டது. ஊட்டச்சத்து வாரம் கொண்டாடும் அதே அரசு ரத்தசோகைக்காரியின் தட்டிலிருந்து எடுத்த முதல் பொருள் எது என்று யாரும் கேட்பதில்லை.

கோலார் மண்ணின் கேழ்வரகு வேறு கதை. களி என்றாலும் முத்தே என்றாலும் அது இங்கே தினச் சோறு. நூறு கிராம் கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம். அரிசி பக்கத்திலேயே நிற்க முடியாது. பால் கொடுக்கும் தாயின் எலும்புக்கு இதைவிட மலிவான காவல் இல்லை. இரும்புக்கும் கேழ்வரகு என்று மேடையில் சொல்வது மட்டும் மிகை. அதில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் அதிலுள்ள வேறு சத்துகள் கட்டிப் போட்டுவிடும். முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் விடுபடும். களியோடு முருங்கைக் கீரையும் கொஞ்சம் தக்காளியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளூரைடு மிகுந்த மாவட்டம் இது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது இங்கே கர்ப்பிணியின் உணவுப் பட்டியலில் முதல் வரியாக இருக்க வேண்டும்.

பிரசவம் முடிந்ததும் பத்தியம். தலையில் துண்டு, காதில் பஞ்சு, வயிற்றில் பழைய சேலைக் கட்டு, பேன் போடக் கூடாது. பூண்டு, மிளகு, சுக்கு, திப்பிலி, நல்லெண்ணெய். பிரசவ லேகியம் காலையில் ஒரு உருண்டை. யாழ்ப்பாணத்தில் சரக்கு அரைத்த கறி, சீனத்தில் வெளியே வராமல் ஒரு மாதம், கொரியாவில் கடற்பாசிச் சூப்பு. எல்லா ஊரிலும் பிள்ளை பெற்றவளை ஓர் அறையில் வைத்துச் சூடானதைக் கொடுத்திருக்கிறார்கள். இதை முழுக்க மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் முழுக்க அறிவியல் என்று தூக்குவதும் சோம்பேறித்தனம். பூண்டும் மிளகும் கெடுதல் செய்யாது. வெளி ஆட்கள் வராமலிருப்பது குழந்தைக்குத் தொற்று வராமல் காக்கும். நாற்பது நாள் அவளிடம் யாரும் வேலை வாங்க முடியாது என்பதுதான் அதன் பெரிய லாபம்.

கெடுதல் மூன்று நான்கு இடத்தில் இருக்கிறது. தண்ணீரைக் குறைப்பது முதல். வயிறு சரிந்துவிடும் என்று அரை டம்ளர் அரை டம்ளராக அளந்து கொடுப்பார்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும். பழம், கீரை, பருப்பு எல்லாம் மாந்தம் என்று ஒதுக்குவது இரண்டாவது. முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. அது ஒரு முழு வேளைச் சாப்பாடு. ரசமும் சோறும் மட்டும் கொடுத்தால் அது வராது. பால் ஊறும் என்று சுறாப்புட்டு கொடுப்பது நம் பழக்கம். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் பல நாடுகள் தாய்மாருக்கு அதை விலக்கியிருக்கின்றன. கடல் இல்லாத ஊருக்குக் கருவாடாக வந்து சேரும் நெத்திலி சின்ன மீன், பாதரசம் குறைவு, முள்ளோடு தின்றால் கால்சியமும் கிடைக்கும்.

குழந்தைக்குக் கொடுப்பதில்தான் எனக்குப் பொறுமை போகும். வசம்பும் ஜாதிக்காயும் உரசிய உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், தெருவில் கூவி வரும் கழுதைக்காரரிடம் ஒரு சங்கு பச்சைப் பால். ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிப் பல வருடமாகிறது. கழுதைப் பாலில் அற்புதம் ஒன்றுமில்லை, காய்ச்சாத பாலின் கிருமி மட்டும் உண்டு. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் நிறுத்த வேண்டும். குளிப்பாட்டி, காலில் போட்டு உருவி, சாம்பிராணிப் புகையை முகத்தில் படாமல் காட்டித் தூளியில் போடும் ஆயாவை மட்டும் யாரும் குறை சொல்ல வேண்டாம். அந்த அரை மணி நேரத்தில்தான் தாய் தூங்குகிறாள்.

அந்த வீட்டில் தாத்தாவும் இருப்பார். இதை எந்த மகப்பேறுக் கையேடும் எழுதவில்லை. கோலார் சுரங்கத் தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேலானவருக்கு சிலிக்கோசிஸ் இருப்பதாகக் கேப்லன், பர்டன் ஆய்வு 1947லேயே சொன்னது. பாறைத் தூசி தங்கிய நுரையீரலில் காசநோய் எளிதில் பிடிக்கும். சுரங்கத்தில் வேலை பார்த்த கடைசித் தலைமுறை இப்போது கிழவர்களாக, அதே ஒற்றை அறையில், தூளிக்குப் பக்கத்தில் இருமிக்கொண்டிருக்கிறது. பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசியைத் தள்ளிப்போடாமல் போடுவதும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் தாத்தாவின் சளியைப் பரிசோதிப்பதும் இந்த ஊரில் பிரசவப் பராமரிப்பின் பகுதி. தாத்தாவைத் திண்ணைக்கு அனுப்புவது தீர்வாகாது. அவருக்கும் அந்த அறையை விட்டால் இடமில்லை.

சரி, அரசு என்ன செய்கிறது? செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம். கர்ப்பம் பதிவானதும் தாயி கார்டு. மாதம் 9ஆம் தேதி டாக்டர் பரிசோதனை. முதல் பிள்ளைக்கு மாத்ரு வந்தனா திட்டத்தில் 5,000 ரூபாய். 2017 அக்டோபர் 2இல் கர்நாடகம் தொடங்கிய மாத்ருபூர்ணா திட்டத்தில் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் மாதம் இருபத்தைந்து நாள் மதியம் சுடச்சுடச் சோறு, சாம்பார், கீரை, முட்டை, பால், கடலை மிட்டாய். இந்தியாவில் ஓர் அரசு சமைத்துப் போட முன்வந்தது பெரிய விஷயம். ஆந்திரமும் தெலங்கானாவும் இதை முன்னமே செய்திருந்தன.

ஆனால் சாப்பாடு அங்கன்வாடியில். தாய் நடந்து வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பொட்டலம் கட்டிக் கொடுத்தால் குடும்பமே பகிர்ந்துகொள்ளும், அவள் வாய்க்குப் போகாது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். நியாயம்தான். ஆனால் பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாதவள், தையல் ஆறாதவள், தீட்டு என்று வாசல் தாண்டாதவள் அங்கே எப்படி வருவாள்? பிரசவத்துக்காக எல்லை தாண்டி ஆம்பூர்ப் பக்கத்துத் தாய் வீட்டுக்குப் போனவள் கர்நாடகத்தின் தட்டிலும் இல்லை, தமிழ்நாட்டுப் பதிவேட்டிலும் இல்லை. மிக வேண்டிய ஆறு வாரத்தில்தான் அந்தச் சாப்பாடு அவளுக்கு எட்டாமல் போகிறது.

ஆஷா ஊழியர் வீட்டுக்கே வருகிறார். மருத்துவமனைப் பிரசவமென்றால் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆறு தடவை. குழந்தையின் எடை, சூடு, தொப்புள், தாய்க்கு ரத்தப்போக்கு எல்லாம் பார்க்கிறார். ஆறு வருகைக்கும் சேர்த்து அவருக்கு ஊக்கத்தொகை 250 ரூபாய். அந்தப் பணத்துக்கு அவர் சமைத்தும் வைக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. இலங்கையில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பநல மருத்துவமாது இதே வேலையைச் செய்கிறார். நெதர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே பிரசவம் முடிந்த வீட்டுக்குப் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் சுமார் எட்டு நாள் தினமும் சில மணி நேரம் வருகிறார். தாயையும் குழந்தையையும் கவனிப்பதோடு வீட்டுச் சில்லறை வேலைகளையும் பார்க்கிறார். செலவில் பெரும்பகுதியை எல்லாருக்கும் கட்டாயமான மருத்துவக் காப்பீடு ஏற்கிறது. பணக்கார நாடு, நம்மால் முடியுமா என்று கேட்கலாம். அங்கன்வாடியில் ஏற்கெனவே சமைத்த சாப்பாட்டை ஆறு வாரம் மட்டும், அதே லைனில் இருக்கும் தாயின் வாசலுக்கு ஒரு டிபன் கேரியரில் அனுப்ப எவ்வளவு ஆகும்? சமைத்த செலவு ஏற்கெனவே அரசுக் கணக்கில் இருக்கிறது. கொண்டுபோகும் ஒருவருக்குக் கூலி கொடுத்தால் போதும். சுய உதவிக் குழு இல்லாத தெரு தங்கவயலில் இல்லை.

சந்தை வேகமாக நுழைந்துவிட்டது. லேகியம் டப்பாவில் வருகிறது. பெங்களூரில் பத்தியச் சாப்பாட்டை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். காசிருந்தால் குழந்தையைக் குளிப்பாட்டவும் ஆள் கிடைக்கும். அந்த வேலைக்குத் தங்கவயலிலிருந்து ரயிலேறிப் போகும் பெண்களும் உண்டு. பெங்களூர்க் குழந்தையைக் காலில் போட்டு உருவிவிட்டு ராத்திரி வண்டியில் திரும்பும் ஆயாவின் பேத்தி, கோரமண்டலில் தனியாகப் பால் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

வேலைக்குத் திரும்பும் தாய்க்குத் தெரிய வேண்டிய ஒன்று, அதை ஏனோ யாரும் உரக்கச் சொல்வதில்லை. பாலைக் கையால் பிழிந்து சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்தால் சாதாரண அறைச் சூட்டில் நாலு மணி நேரமும் பிரிட்ஜில் நாலு நாளும் இருக்கும். விடியுமுன் வண்டியேறுகிறவள் ராத்திரி பிழிந்து பிரிட்ஜில் வைத்துப் போனால் ஆயா அதைப் பாலாடையில் புகட்டலாம். அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடு காட்டினால் போதும். வேலை செய்யும் இடத்திலும் இடையில் பிழிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மார் கட்டிக் காய்ச்சல் வரும், பாலும் குறையும். அதற்கு ஒரு கதவடைத்த அறை வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017 திருத்தம் சொன்னது. இரண்டு மணி நேர ரயிலில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் காப்பகத்துக்கு யார் போவார்கள் என்பதை அது நினைக்கவில்லை.

கடைசியாக மிஞ்சுவது புருஷன். இந்தப் பேச்சு முழுக்க அவன் பெயர் வராததைக் கவனித்திருப்பீர்கள். மத்திய அரசு ஊழியருக்குப் பதினைந்து நாள் தந்தை விடுப்பு உண்டு. கான்ட்ராக்டில் இருக்கும் செக்யூரிட்டிக்குச் சட்டத்தில் ஒரு நாளும் கிடையாது. போகாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. ஆனால் வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருப்பான், மற்ற நாளும் ராத்திரி வந்துவிடுவான். சமைக்கத் தெரியாது என்பான். சுரங்கத்தின் இருட்டில் வெடி வைக்கக் கற்றுக்கொண்டவர்களின் பேரன் ஒரு பூண்டுக் குழம்பைக் கற்றுக்கொள்ள முடியாதா?

அது கஷ்டமே இல்லை. இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் உரித்த பூண்டு இருபது பல்லும் ஒரு பிடி சின்ன வெங்காயமும் வதங்க வேண்டும். ஒன்றரை ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், சின்னத் துண்டு சுக்கு, இரண்டு திப்பிலி வறுத்து அரைத்துப் போட்டு, புளியைக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி, உப்புப் பார்த்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்க விட வேண்டும். நெத்திலிக் கருவாடு கிடைத்தால் வெந்நீரில் இரண்டு முறை அலசிக் கடைசியில் போடலாம், அப்போது உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் முருங்கைக் கீரையும் ஒரு அவித்த முட்டையும். சோற்றை எப்போதும் வைப்பதைவிட ஒரு டம்ளர் கூடுதலாக வைத்து, பாதியை மூடி எடுத்து வைக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்ததும் அவளுக்குப் பசிக்கும்.